லோக்கல் ஆள்

“ஒரே கூரை, ஒரே மிஷின், ஒரே நூல். அந்தப் பக்கம் காலர் மலை மாதிரி குவியுது. இந்தப் பக்கம் அதுல பாதிகூடத் தேறல. ஏன்?”

சட்டைக் கம்பெனி முதலாளி கேள்வியைக் கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்.

“எக்ஸ்போர்ட்! சரக்கு வெளிநாட்டுக்குப் போகுதுன்னு பயம் வந்தா கை தானா ஓடும். லோக்கல் லைன்காரங்க அதைப் பார்த்தாவது கத்துக்கணும்.”

பட்டன் வைக்கிறவள் பக்கத்து மிஷின்காரியின் காதைக் கடித்தாள்.

“பாலாடையை வழிச்சு எடுத்துக்கிட்டு, மிச்சப் பாலைப் பார்த்து ‘நீ ஏன் தண்ணியா இருக்கே’ன்னு கேக்கறாரு.”

அவள் சொன்னது உண்மை. வெளிநாட்டு ஆர்டர் வந்தபோது, ஏற்கெனவே கை வேகமாக இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்துத்தான் அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அங்கே போனதால் வேகமானார்களா, வேகமாக இருந்ததால் அங்கே போனார்களா என்று முதலாளி யோசித்துப் பார்த்ததில்லை.

பொறுக்கி எடுத்தவன் சூப்பர்வைசர். அவன் எடுக்காமல் விட்டவர்களில் ஒருவர், அவனுடைய சொந்த அண்ணன். காலர் தைப்பதில் அவரை மிஞ்ச அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி அந்த அண்ணனின் மிஷினருகே நின்றார்.

“என்ன பெரியவரே, தம்பி சூப்பர்வைசர். நீங்க இன்னும் லோக்கல் ஆளாவே இருக்கீங்களே?”

ஹாலே சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சூப்பர்வைசர் கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

அன்று சாயந்திரம் அண்ணி அவன் வீட்டுக்குள் புயல் மாதிரி நுழைந்தாள். அண்ணன் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உட்காருங்க அக்கா” என்று சூப்பர்வைசரின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்கார வரலைம்மா. உன் புருஷன்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டுப் போக வந்தேன். ஏன் தம்பி, நேத்து ஊசி பிடிச்சவனெல்லாம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கான். உங்க அண்ணன் உனக்கு ஆகாமப் போயிட்டாரா?”

“அப்படியெல்லாம் இல்ல அண்ணி.”

“உன் கல்யாணச் சட்டையைத் தைச்சது யாரு? அந்தக் காலர்ல ஒரு சுருக்கம் காட்டு பாப்போம். இன்னைக்கு ஊரே சிரிக்குது. நீ கல்லு மாதிரி நின்னியாமே!”

“வேகம் பத்தல அண்ணி. அதான் எடுக்கல.”

வாசலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“கேட்டுக்கிட்டியா? எனக்கு வேகம் பத்தலையாம். வா, போகலாம். இனி இந்த வாசப்படி மிதிக்கறதில்ல.”

“நீங்க வெளியில நில்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இன்னும் நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும்.”

அவர் இறங்கிப் போனார். வெளி கேட்டில் அவர் தோள் இடித்த சத்தம் வந்தது. அண்ணி கதவைச் சாத்தினாள்.

சூப்பர்வைசரின் மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“நல்லாக் கேளுங்க அக்கா. நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கூடப்பிறந்தவரை ஒதுக்கிட்டு அப்படி என்ன எக்ஸ்போர்ட் வேண்டிக்கிடக்கு? இந்த மனுஷன் காதுலயே போட்டுக்கல.”

அண்ணி சாத்திய கதவில் அப்படியே சாய்ந்தாள். அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

“தம்பி… ரொம்பப் பேசிட்டேனா?”

“பரவாயில்ல அண்ணி. அண்ணன் கண்ணுக்கு விடற சொட்டு மருந்தாவது கேக்குதா?”

“மருந்தெல்லாம் அவர் மனசுக்குத்தான். அதுல சரியாயிடும்னு நம்பிக்கிட்டிருக்காரு. போன பார்வை போனதுதான், இருக்கறதும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. அவர்கிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.”

மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“எக்ஸ்போர்ட் பக்கம் கண் டெஸ்ட் உண்டு” என்றான் சூப்பர்வைசர், அவள் முகத்தைப் பார்க்காமல். “வெளிநாட்டுக்காரங்க போட்ட கண்டிஷன். தேறலைன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. லோக்கல் லைன்ல யாரும் கண்ணைச் சோதிக்கறதில்ல. அண்ணன் விரலால தடவிப் பார்த்தே ஓட்டிடறாரு. மெதுவா வருது, ஆனா வருது.”

“நான்தான்மா இவன்கிட்ட கெஞ்சினேன்” என்றாள் அண்ணி. “தெரியறவரைக்கும் தைக்கட்டுமேன்னு.”

“அதுக்காக, கூடப்பிறந்தவர் இவரை வெறுக்கணுமா அக்கா?”

“வெறுக்கட்டும்” என்றான் அவன். “தம்பி ஏமாத்திட்டான்னு நினைச்சா கோபம் வரும். நாளைக்கு ரோஷமா வந்து மிஷின்ல உட்காருவாரு. கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே எழுந்துடுவாரு.”



வெளியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

“இன்னுமா முடியல? போதும் வாடி. ரொம்பத் திட்டாதே. அவன் தாங்கமாட்டான்.”

அண்ணி கொழுந்தனின் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. முகத்தை மட்டும் கதவுப் பக்கம் திருப்பி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

“நீயெல்லாம் ஒரு தம்பியா!”