நாக்கின் அக்கறை

ஈறு வீங்கிச் சீழ் பிடித்து, கீழ்வரிசை முன்பல் ஆடத் தொடங்கிவிட்டது. பக்கத்துப் பல்லைப் போன வாரம்தான் குறடு வந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. அந்தக் குழியைப் பார்த்தே முன்பல்லுக்குப் பாதி உயிர் போயிற்று.

நாக்கோ நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து முட்டியது. "என்னப்பா, இன்னும் ஆடுதா?"

"நீ முட்டாம இருந்தாலே போதும்."

"அக்கறையா விசாரிச்சா கோபத்தைப் பாரு! பக்கத்துல இருந்தானே, அவனும் இப்படித்தான் சொன்னான். மறுநாளே குறடு வந்துச்சு."

முன்பல் வெலவெலத்துப் போய் இன்னும் கொஞ்சம் ஆடியது.

ஒருநாள் வாய் அகலத் திறந்தது. கண் கூசும் வெளிச்சம். இரும்பு ஒன்று பளபளத்தது.

"குறடுதான்! போயிட்டு வா தம்பி," என்று நாக்கு பின்னால் போய்ப் பதுங்கியது.

வந்தது குறடு இல்லை. முதலில் ஈற்றோரத்து அழுக்கை எல்லாம் சுரண்டி எடுத்தார்கள். பிறகு மெல்லிய கம்பி ஒன்று முன்பல்லின் முதுகில் படிந்து, உறுதியாக நின்ற பற்களோடு அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் நின்றது.

நாக்கு மெல்ல வந்து முட்டிப் பார்த்தது. அசையவில்லை.

"பாத்தியா? தினமும் வந்து கவனிச்சுக்கிட்டது நான்தானே!"

முன்பல்லைக் காப்பாற்றியது, வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் விசாரிக்காத அந்தக் கம்பி.