பச்சோந்திக்கு ஒரு மறைப்பு

“வாரம் பூரா ஸ்கூலுக்கு ஓடுற எனக்கு ஞாயித்துக்கிழமை தூக்கம்கூடக் கிடையாதா? விடிஞ்சும் விடியாம டொக்கு டொக்குன்னு என்னங்க சத்தம்?” கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள் மனைவி.

“வலைக்கூண்டுல நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரியுது. உன் பச்சோந்தி பாவம், மிரளுது. மூணு பக்கம் பலகை அடிச்சு மறைச்சிட்டா நிம்மதியா இருக்கும்.” நிம்மதி என்று சொல்லும்போதே கணவனின் கையிலிருந்த ஆணி நழுவி உருண்டது.

“என்னைப் பார்த்து அது என்னைக்கு மிரண்டிருக்கு? வேளாவேளைக்குப் பூச்சி போடுறவ நான். உங்களைக் கண்டாத்தான் கரிக்கட்டையா கறுத்துப்போகும். இருட்டோட ஆபீஸ் போயிட்டு இருட்டினப்புறம் வர்ற ஆளை அதுக்கு எப்படித் தெரியும்?”

“அதான் சொல்றேன். மறைச்சிட்டா என்னைப் பார்க்கவே வேண்டாமே.”

“அதுக்கு ஏன் இப்படிப் பறக்கறீங்க? இருங்க, நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.”

“வேண்டாம், வேண்டாம்! நீ போய்ப் படு.”

அவள் நகரவில்லை. கடைசிப் பலகையைப் பொருத்த அவன் கூண்டுக்குள் கையை விட்டான். பச்சோந்தி குச்சியிலிருந்து சாவகாசமாக இறங்கி, அவன் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தளிர்ப் பச்சை. ஒரு புள்ளிகூடக் கறுக்கவில்லை.

அவள் அதையே பார்த்தாள். பிறகு, கதவருகே தொங்கிய அவனுடைய ஆபீஸ் பையைப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள் மெதுவாக, “நான் ஸ்கூலுக்குக் கிளம்பினதும் தினமும் வீட்டுக்குத் திரும்பி வந்துடறீங்க, இல்லையா? வேலை எப்போங்க போச்சு?”