சுறாவுக்குச் சம்மதம்

தேநீர்த் தட்டைப் பிடித்திருந்த ஜுமானாவின் பெருவிரல்கள் இரண்டும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன. பொம்பிளை பார்க்கக் கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாவம், நல்ல மனிதர்கள்.

"பிள்ளைக்குக் கை நடுங்குது. தட்டை வையுங்க மகள், நாங்க எடுத்துக் குடிப்பம்," என்றார் மாப்பிள்ளையின் தாய் பரீனா மாமி.

வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது. ஜுமானா விரல்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு அவளுக்குப் போனில் கிழக்கு மாகாண இறுதிப் போட்டி. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, வரி வரியாக அழிக்கிற விளையாட்டு.

வென்றால் அடுத்த சுற்றுக்குக் கொழும்புக்குப் போகலாம். ஐந்து மணிக்கு ஆள் இல்லையென்றால் தோல்வி. மதியத் தொழுகை லுஹருக்குப் பிறகு வருகிறோம் என்றவர்களோ பின்னேரத்து அசரும் தொழுதுவிட்டு, உட்துறைமுக வீதியில் இருக்கிற அவளுடைய வீட்டுக்கு ஆறுதலாக வந்து சேர்ந்திருந்தார்கள்.

எதிராளி யாரென்று அவளுக்குத் தெரியாது. 'சுறா' என்ற பெயரில் விளையாடி, ஒரு வருடமாக அவளை ஓட ஓட விரட்டி வெல்கிற ஆள். அந்த வேகத்தையும் நெஞ்சழுத்தத்தையும் பார்த்து, அது ஓர் இளந்தாரிப் பையன்தான் என்று எப்போதோ முடிவுகட்டியிருந்தாள். சில நாள் கனவிலும் வந்தான், முகம் மட்டும் இல்லை.

மாப்பிள்ளை அஷ்பாக் கதிரையில் சாய்ந்திருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாப்பிள்ளை ஒண்டும் கதைக்கிறார் இல்லையே," என்றார் ஜுமானாவின் உம்மா.

"அவன் அப்பிடித்தான். போன் கையில இருந்தா உலகம் தெரியாது," என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் வாப்பா தன் இறால் வியாபாரக் கதையைத் தொடர்ந்தார். புல்மோட்டை றாலில் தொடங்கிய கதை இன்னும் மூதூருக்கே வந்து சேரவில்லை.

மணி ஐந்தாகப் போகிறது. பரீனா மாமி பாத்ரூம் எங்கே என்று கேட்டுக் கைப்பையோடு எழும்பினார். அந்தச் சந்தடியில் ஜுமானாவும் அறைக்குள் நழுவிக் கதவைச் சாத்தினாள்.

மூன்று ஆட்டம், இரண்டை வெல்பவருக்குக் கொழும்பு. இந்த மட்டத்தில் கட்டை விழுவதைக் கண்ணால் காண முடியாது, தோன்றுகிறபோதே அடியில் கிடக்கும். யோசிப்பதற்கு மூளைக்கு நேரம் இல்லை, விரல்தான் யோசிக்க வேண்டும். ஒரே அடியில் நாலு வரியை அழித்தால், எதிராளியின் அடுக்குக்கு அடியில் குப்பை வரிகள் முளைத்து மேலே தள்ளும். சுறா தள்ளோ தள்ளென்று தள்ளியது. முதல் ஆட்டம் போனது.

திரையில் ஒரு செய்தி வந்தது. "கெதியா அடுத்ததைத் தொடங்குங்க. பொம்பிளை பார்க்க வந்த இடத்தில களவா விளையாடுறன்."

ஜுமானா அதை இரண்டு தரம் வாசித்தாள். கதவை மெல்ல நீக்கி எட்டிப் பார்த்தாள். அஷ்பாக் குனிந்த தலை நிமிராமல், இரண்டு பெருவிரலாலும் போனைக் குத்திக்கொண்டிருந்தான்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அல்லாஹ்வே, சுறா நீந்தி வந்து நம் வீட்டுக் கதிரையில் இருக்கிறது. திடீரென்று அவனுடைய மூக்கு நல்ல மூக்காகத் தெரிந்தது. வழுக்கை தொடங்கியிருந்த நெற்றிகூட அறிவாளியின் அகன்ற நெற்றியாகிவிட்டது.

உம்மா ஓடி வந்து குசுகுசுத்தார். "மாமி உள்ள போய்க் கன நேரம். என்ட வட்டிலாப்பம் வயித்தைக் கலக்கிட்டுப் போல. இந்தச் சம்பந்தம் போச்சு மகள்."

"அதெல்லாம் போகாது உம்மா," என்று மறுபடியும் கதவைச் சாத்தினாள்.

விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் முதல் நாளே தோற்றால் ஆயுள் முழுக்கத் தோற்க வேண்டியதுதான் என்று அடுத்த கணமே தெளிந்தாள். இரண்டாம் ஆட்டத்தை வென்றாள்.

மூன்றாவதில் அவளுடைய அடுக்கு திரையின் உச்சிக்கே ஏறிவிட்டது. இன்னும் ஒரு கட்டை பிசகினால் எல்லாம் முடிந்தது. அந்த நேரம் பார்த்துச் சுறா கொஞ்சம் அசையாமல் நின்றது.

என்னை நினைத்துத்தான் தடுமாறுகிறார் என்று உருகினாள். உருகியபடியே, ஈவிரக்கமில்லாமல் நீளக் கட்டையை ஓரத்து இடைவெளிக்குள் இறக்கினாள். நாலு வரி போனது. அடுத்த நீளக் கட்டைக்கு இன்னும் நாலு. சுறா கரையொதுங்கியது.

கட்டிலில் ஏறி இரண்டு குதி குதித்தாள். கொழும்பும் கிடைத்தது, மாப்பிள்ளையும் கிடைத்தாயிற்று. சந்தோசத்தில் தலைகால் புரியாமல் எழுதி அனுப்பினாள். "நீங்க பார்க்க வந்த பொம்பிளை நான்தான். எனக்குச் சம்மதம்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹோலுக்கு வந்து, அஷ்பாக்கின் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவன் இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்தான். திரையில் ஒரு கட்டையையும் காணோம். 'பெரிய றால் கிலோ என்ன விலை போகுது?' என்று யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தான்.

அப்படியென்றால் சம்மதம் யாரிடம் போனது?

பாத்ரூம் கதவு திறந்தது. பரீனா மாமி வேர்க்க விறுவிறுக்க, போனும் கையுமாக வந்து அவளைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் சொன்னார்.

"சம்மதம் சரி மகள், ஆனா உங்கட பாத்ரூமுக்குள்ள சிக்னல் விட்டு விட்டுத்தான் வருது, இல்லாட்டி இண்டைக்கும் நான்தான் வெண்டிருப்பன்."