தொடாத புத்தகம்

"தபீதாள் ப்ளஸ் டூ கணக்குல நூத்துக்கு நூறு. இன்ஜினியரிங் முதல் செமஸ்டர்ல பதினேழு. எப்படி சார்?"

பம்மலில் இருந்த அந்தத் தனியார் பள்ளியின் முதல்வர் அசரியா, எதிரில் கொதித்துக்கொண்டிருந்த ஈவ்லினை உட்காரச் சொன்னார். ஈவ்லின் உட்காரவில்லை.

"காலேஜ் புது இடம். போகப் போகச் சரியாயிடும்மா."

"டிஃபரன்ஷியேஷன்னா என்னன்னே அவளுக்குத் தெரியல. அது ப்ளஸ் ஒன் பாடம். அந்தப் புத்தகத்துல பாதியைக்கூட நீங்க தொடல. ப்ளஸ் ஒன் சேர்ந்த ஜூலையிலேயே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சுட்டீங்க!"

"பெத்தவங்க நீங்கதானே நூத்துக்கு நூறு வேணும்னு நிக்கறீங்க? வாங்கிக் கொடுத்தா இப்ப சண்டைக்கு வர்றீங்க!"

"தான் மக்குன்னு நம்பிட்டா சார். படிப்பையே விட்டுடறேன்னு மூணு நாளா அழறா."

அசரியாவின் குரல் தாழ்ந்தது. "உங்க பொண்ணை நல்ல டியூஷனா பார்த்துச் சேர்த்துடுங்க. வேற என்ன பண்றது?"

"அவ என் பொண்ணு இல்ல. நான் அவளோட காலேஜ்ல மேத்ஸ் லெக்சரர். உங்க ஸ்கூல்லேருந்து வந்த பதினோரு பேர் என் கிளாஸ்ல இருக்காங்க. பதினோரு பேரும் ஃபெயில்!"

ஈவ்லின் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமையிலேருந்து காலேஜ் விட்டதும் அவங்களுக்கு ப்ளஸ் ஒன் பாடம் நடத்தப் போறேன். புத்தகம் பன்னெண்டு வேணும்."

"பதினோரு பேர்னுதானே சொன்னீங்க?"

"இன்னொண்ணு உங்க மேத்ஸ் சாருக்கு. இந்த வருஷப் பிள்ளைங்களுக்காவது நடத்தச் சொல்லுங்க."