லூர்துசாமியின் கட்டம்

மலேசியாவின் கமுந்திங்கில் உள்ள கையுறைத் தொழிற்சாலையில், பாரம் என்று அங்கே சொல்லும் படிவம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை மகேந்திரன் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்திருந்தான். ஈப்போ தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து, பழைய பாரங்களை வைத்தே வரைந்தது. கணினி அந்தப் படத்தை அலசி, வேண்டாத கட்டத்தைச் சிவப்பாக்கியிருந்தது.

அதைத் தொழிற்சாலையில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கும் துளசியிடம் கொண்டுவந்து காட்டினான்.

"இது உங்க கட்டம்க்கா. பாரம் வருது, போகுது. நீங்க ஒண்ணும் மாத்துறதில்ல. எடுத்துட்டாலும் வேலை நிக்காது."

"அப்ப எனக்கு வேலை?"

"அத மேல உள்ளவங்கதான் முடிவு பண்ணணும்லா."

"பக்கத்துல பச்சையா இருக்கே, அது யாரு தம்பி?"

மகேந்திரனின் முகம் மலர்ந்தது. "மேனேஜர் லூர்துசாமி! பாரம் வந்த அன்னிக்கே சாப் அடிச்சிடுறாரு. மூணு வருஷமா ஒரு நாள்கூட லீவு இல்ல. எல்லாரும் அவரு மாதிரி இருக்கணும்னு எழுதியிருக்கேன். அவர நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

துளசி மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அவரு வேலைய விட்டுட்டு ஆயர் தாவாருக்குப் போயி மூணு வருஷம் ஆச்சு. அவரு எடத்துக்கு ஆளே போடல. இந்தச் சாப் இல்லன்னா ஈப்போவுல பாரத்தத் திருப்பி அனுப்பிடுறாங்க. அதான் நானே அடிக்கிறேன்."

மகேந்திரன் முத்திரையைப் புரட்டி, அதில் லூர்துசாமியின் பெயரைப் படித்தான்.

துளசி அவனுடைய அறிக்கையை இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'தொழிற்சாலை மேலாளர் ஒப்புதல்' என்ற இடம் காலியாக இருந்தது.

"இதுவும் ஈப்போவுக்குத்தானே போகணும்? அடிச்சிடவா தம்பி?"