பதினேழாம் நம்பர் ரத்தம்

ஆராய்ச்சியாளருக்குக் கண் பூத்துப் போயிருந்தது. ஆறு வருஷம், இருபத்து நாலு நோயாளிகள். புராஸ்டேட் புற்றுநோயில் நியூரோ எண்டோகிரைன் என்ற ஒரு வகை செல்கள் பெருகிவிட்டால் நோய் லேசில் மசியாது. அந்த செல்கள் ரத்தத்தில் விடும் புரதத்தை மாதாமாதம் அளந்து பார்த்ததுதான் மிச்சம். அவருடைய புது மருந்துக்கு அது ஒருவரிடமும் குறையவில்லை.

பதினேழாம் நம்பர் நோயாளியைத் தவிர. மூன்று மாதமாக அவருக்கு மட்டும் அளவு ஒரேயடியாக இறங்கி நின்றது.

இன்று ரத்தம் கொடுக்க வந்தவரை அறைக்கே கூப்பிட்டுவிட்டார்.

"உட்காருங்கய்யா. என் வயித்துல பாலை வார்த்துட்டீங்க. உங்க ரத்தம் நார்மலுக்கு வந்துடுச்சு."

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "நிஜமாவே நார்மலா சார்?"

"சுத்தமா நார்மல்."

"மெஷின் கிஷின் தப்பா காட்டியிருக்காதே?"

"மூணு தடவை பார்த்தாச்சு. நோயே இல்லாத ஆளோட ரத்தம் மாதிரி இருக்கு."

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆராய்ச்சியாளர் குறிப்பெழுதப் பேனாவைத் திறந்தார்.

"மருந்தை விடாம சாப்பிட்டீங்கல்ல?"

"அண்ணன் சாப்பிடறார் சார்."

"எந்த அண்ணன்?"

"பதினேழாம் நம்பர் அவர்தானே சார்! அவரால மாடிப்படி ஏற முடியல. ஊசி குத்திக் குத்தி கையும் புண்ணாப் போச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை, நர்ஸம்மா கார்டை மட்டும்தான் பார்த்தாங்க. மூணு மாசமா நானே வந்து குடுத்துட்டுப் போறேன்."

ஆராய்ச்சியாளர் பேனாவை மெதுவாக மூடி வைத்தார்.

வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அண்ணனுக்கு வந்தா தம்பிக்கும் வரலாம்னு சொன்னாங்க. அப்போ எனக்கு ஒண்ணும் இல்லதானே சார்?"