பக்குவமாகச் சொன்ன சேதி

பெருமக்களே, வேலையெல்லாம் போட்டுவிட்டுக் கேளுங்கள்: குழந்தைகள் இருதயப் பிரிவின் தலைமை டாக்டர், முப்பது வருட அனுபவமும் பெயருக்குப் பின்னால் இரண்டு வரிப் பட்டமும் உடையவர், காலை பதினொன்று பத்துக்குத் தொண்டையைக் கனைத்தருளினார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்கு அந்தக் கனைப்பு புதிதல்ல. வயிற்றைப் பார்த்தால் ஏழு மாதம் சொல்லலாம். இதே நாற்காலியில் வைத்து, இதே சேதியை இன்று அவளிடம் சொல்ல வந்த மூன்றாவது டாக்டர் இவர். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொட்டாவியை மென்று விழுங்கினார். மூலையில் மூத்த நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கம்மா, ஸ்கேன்ல இருதயத்தோட இடது பக்கம் வளர்ச்சி கொஞ்சம் கம்மி. மூளையிலயும் ஒரு சின்ன சமாச்சாரம் தெரியுது. ஆனா மருத்துவம் இன்னைக்கு எங்கேயோ போயிடுச்சு."

"கொழந்தை பொழைக்குமா டாக்டர்?"

"நல்ல கேள்வி." டாக்டர் பேனாவை எடுத்து ஒரு இருதயம் வரைந்தார். அது உருளைக்கிழங்காக வந்தது. அதற்குள் நான்கு அறை கட்டி, குழாய் இணைப்புக் கொடுத்து, அம்புக்குறியும் போட்டார். வீடு கட்டித்தரும் மேஸ்திரிகூட இவ்வளவு விளக்கமாட்டார். "வெளிநாட்டு மாநாட்டுல இதைப் பத்தி நானே கட்டுரை வாசிச்சிருக்கேன்."

"பொழைக்குமா, பொழைக்காதா?"

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயமாம்மா இது? ஒவ்வொரு கொழந்தையும் ஒவ்வொரு விதம். நாம பாசிட்டிவா இருக்கணும். காத்திருந்து கவனிப்போம்."

பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க வாயைத் திறந்து, என்னவென்று மறந்துபோய் மூடிக்கொண்டார். அவளே கேட்டாள். குரலில் சத்தே இல்லை.

"வீட்டுல போய் நான் என்னன்னு சொல்லட்டும்?"

"கவலைப்படாதீங்கன்னு சொல்லுங்க." டாக்டர் எழுந்து வந்து அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

நர்ஸ் மணியை அடித்தாள். "நேரம் முடிஞ்சுது சார்."

அவள் முதுகுப் பக்கம் கைவிட்டு நாடாவை அவிழ்த்தாள். வயிற்றிலிருந்த தலையணையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். புருஷனாக உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர், லிஃப்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவதாக நழுவினார். பெற்றவர்களிடம் கெட்ட சேதி சொல்லும் பரீட்சையில் தலைமை டாக்டர் முதல் எல்லோரும் பாஸாக வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் புது உத்தரவு. இன்னும் ஒரு டாக்டர் பாக்கி.

டாக்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "எப்படி? பக்குவமா சொன்னேன்ல?"

"மார்க் போடறது அவங்கதான் சார்," என்றாள் நர்ஸ்.

"ஃபெயில்," என்றாள் அவள்.

"முப்பது வருஷமா இப்படித்தான் சொல்லிட்டிருக்கேன்! நடிக்க வந்தவ, உனக்கு என்னம்மா தெரியும்?"

அவள் தலையணையை உதறி, மறுபடியும் வயிற்றில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

"எட்டு வருஷம் முன்னாடி இதையே எனக்கு நிஜமாவே சொன்னீங்க சார். நல்ல சேதின்னு நெனச்சு, போற வழியில தொட்டில் வாங்கிட்டுப் போனேன்."